மூன்று லென்ஸ்களும் ஒரு செங்கல் சுவரும்

மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த அந்த மாதத்தில் படக்காரர் வீட்டில் பேச்சு குறைந்துபோயிருந்தது. இருந்ததே இரண்டு பேர். அவர் படம் எடுப்பவர். அவர் மனைவி அந்தப் பிலிமைக் கழுவிப் பிரிண்ட் போடுபவள். கல்யாணமான புதிதில் கைக்கு உதவியாக இருக்கட்டும் என்று இருட்டறைக்குள் நுழைந்தவள் அப்புறம் வெளியே வரவே இல்லை என்று தெருவில் கேலி பேசுவார்கள். அவளும் மறுத்ததில்லை. அவர் வெளியே அலைந்து எடுத்துக்கொண்டு வருவார். மருந்துத் தண்ணீரின் சூடு பார்ப்பது, டப்பாவை ஆட்டுவது, அலசுவது, கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிடுவது எல்லாம் அவள் பாடு. அவள் விரல் நுனிகள் மருந்தில் ஊறி ஊறித் தடித்துப்போயிருந்தன. சூடான டம்ளரைத் தொட்டால்கூட உடனே உறைக்காது.

கைவசம் இருந்தது ஒரே ஒரு பெரிய வேலை. இடிக்கப்போகிற பழைய ஆஸ்பத்திரி ஒன்றின் அறைகளையெல்லாம் படம் எடுத்துத் தர வேண்டும். கம்ப்யூட்டரில் போட்டு வைத்தால் நாளைக்கு எங்கே போகுமோ தெரியாது, நெகட்டிவாகவே பீரோவில் இருக்கட்டும் என்று கட்டட ஆவண அலுவலகத்தில் கேட்டிருந்தார்கள். அறைகள் குறுகல். முதுகைச் சுவரில் ஒட்டி நின்றாலும் சாதாரண லென்ஸில் எதிர்ச்சுவர் முழுசாக விழாது. அகலமாக வாங்குகிற லென்ஸ் வேண்டும். அது அவரிடம் இருந்தது. கையால் திருகி ஃபோகஸ் செய்கிற பழைய இருபத்தெட்டு மில்லிமீட்டர் லென்ஸ். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அவர் பையில் கிடப்பது. வெளிவட்டத்தில் எண்கள் பாதி தேய்ந்து போயிருந்தாலும் விரல் பட்டதும் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோலச் சுற்றும்.

அந்த லென்ஸில் எடுத்து, பிரிண்ட் போடாமல் நெகட்டிவாகவே கொடுத்த முதல் கட்டுப் படங்கள் திரும்பி வந்துவிட்டன. அலுவலகத்து அம்மாள் மரியாதையாகத்தான் சொல்லியிருந்தாள். சுவரில் எழுதியிருப்பது எதுவும் படிக்க முடியவில்லை, கொஞ்சம் மறுபடி எடுத்துத் தர முடியுமா என்று. படக்காரர் கவரை வாங்கிக்கொண்டு நேராக மச்சான் கடைக்குப் போனார்.

மச்சான் என்பது மனைவியின் சொந்த அண்ணன். பழைய கேமராக்களும் லென்ஸ்களும் பழுதுபார்க்கிற கடை. லென்ஸுக்குள் பூத்துப்போன பூஞ்சையை எடுப்பதில் அவரை விட்டால் ஆள் கிடையாது. அதனால் கடைத்தெரு முழுக்க அவருக்குப் 'பூஞ்சை' என்றே பெயர். ஆள் என்னவோ கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு. புதிதாக வருகிறவர்கள் 'பூஞ்சை யாருங்க?' என்று ஒல்லியான ஆளைத் தேடுவார்கள். 'நான்தான், நல்லாப் பார்த்துக்குங்க' என்று வயிற்றைத் தட்டிக் காட்டுவார்.

படக்காரரின் லென்ஸையும் சில மாதங்களுக்கு முன்னால் பிரித்துத் துடைத்தது அவர்தான். அதை வைத்துக்கொண்டு படக்காரர் கடையில், நாலு வாடிக்கையாளர்கள் நிற்கும்போதே கேட்டுவிட்டார். உள்ளே இருக்கிற கண்ணாடியைத் திருப்பிப் போட்டுவிட்டீர்கள், அதனால்தான் படம் கெட்டுப்போகிறது என்று. பூஞ்சை அண்ணன் அவர் கண் முன்னாலேயே மறுபடி பிரித்து, ஒவ்வொரு கண்ணாடியாக எடுத்து வைத்துக் காட்டினார். மாப்பிள்ளை ஒத்துக்கொள்ளவில்லை. கோணலாக உட்கார்ந்திருக்கிறது, கைப்பதம் போய்விட்டது, வயசாகிவிட்டது என்று என்னென்னவோ பேசிவிட்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தங்கை வீட்டுக்குச் சாப்பிட வருகிற அண்ணன் அதோடு வருவதை நிறுத்திக்கொண்டார்.

அவளுக்கு இரண்டு பக்கமும் பேச முடியவில்லை. திரும்பி வந்த நெகட்டிவ்களை விளக்குப் பெட்டியின் மேல் வைத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தாள். சுவர் மங்கல்தான். ஆனால் சுவருக்கு முன்னால் கிடந்த இரும்புக் கட்டிலின் கம்பி ஊசி மாதிரி இருந்தது. இன்னொன்றில் கதவுப் பிடி தெளிவு, கதவுக்கு அப்பால் எல்லாம் புகை. கண்ணாடி கெட்டிருந்தால் எல்லாமேயல்லவா கெட்டிருக்க வேண்டும்? ஃபோகஸ்தான் இடம் மாறி விழுந்திருக்கிறது. அவசரத்தில் எடுத்திருப்பார் என்று நினைத்து அப்படியே விட்டுவிட்டாள். அதற்குமேல் யோசிக்க உடம்பில் தெம்பு இல்லை. ஈரக் காற்றில் பிலிம் காய்வதற்கே நாள் முழுக்க ஆகிற காலம் அது. நின்று நின்று அவளுக்குக் கால் இரண்டும் கனத்துப்போயிருந்தன.

ஒரு நாள் காலையில் ரொட்டியை டீயில் நனைத்தபடி அவரே ஒரு முடிவு சொன்னார். சந்தேகமே வேண்டாம், அதே மாதிரி வேறு இரண்டு லென்ஸ் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம். எது சரி, எது கோளாறு என்று சுவரே சொல்லிவிடும். ஆனால் இரவல் வாங்கப் பூஞ்சை அண்ணன் கடையை விட்டால் வேறு இடம் இல்லை. அவர் போகமாட்டார். அவள்தான் போக வேண்டும்.

குடையை மடக்கிக் கடை வாசலில் நீர் சொட்ட வைத்துவிட்டு உள்ளே போனாள். அண்ணன் மேசைமேல் வேலை எதுவும் இல்லை. விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. அவள் விஷயத்தைச் சொல்லி முடிக்கும்வரை அவர் திருப்புளியை விரலில் உருட்டிக்கொண்டிருந்தார்.

"எடுத்துட்டுப் போ பாப்பா" என்றார் கடைசியில். "ஒண்ணைத்தான் திட்டிட்டுப் போனாரு. இன்னும் ரெண்டு சேர்த்துத் திட்டட்டும்."

"அவருக்கு மனசு சரியில்லைண்ணா."

"எனக்கு மட்டும் சரியா இருக்கா?" என்று சொல்லிவிட்டு அலமாரியைத் திறந்தார். இரண்டு லென்ஸை எடுத்து, மூடியைக் கழற்றி, வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்து, பழைய துணியில் தனித்தனியாகச் சுற்றிக் கொடுத்தார். ஒன்று குட்டியாக, உள்ளங்கையில் அடங்கிவிடும். இருபத்துநாலு மில்லிமீட்டர்; இவர்களுடையதைவிட இன்னும் அகலமாக வாங்கும். மற்றது இருபத்தெட்டுதான். ஆனால் முன்கண்ணாடி பெரிசு, கையில் வாங்கினால் மணிக்கட்டு தாழும். வீட்டுக்கு வந்ததும் அவள் அவற்றுக்குப் பெயர் வைத்துவிட்டாள். குட்டி, குண்டன். இவர்களுடையதைப் பழசு என்றே சொல்லிக்கொண்டார்கள்.

தெருவுக்கு எதிரில் ஒரு கிடங்கு. பூச்சு இல்லாத நீளமான செங்கல் சுவர். லென்ஸைச் சோதிக்க அதைவிட நல்ல ஆசான் கிடையாது. செங்கல் வரிசை நேரானது. லென்ஸ் வளைத்தால் உடனே தெரிந்துபோகும். ஓரத்தில் மங்கினால் காரைக் கோடு கரைந்து காட்டிக்கொடுக்கும். தூறல் நின்ற ஒரு காலையில் ஸ்டாண்டை நட்டார்கள். அவர் நீர்மட்டம் வைத்துக் கேமராவைச் சமன் செய்தார். கண்ணால் குவித்தால் ஒரு லென்ஸுக்கு ஒரு மாதிரி ஆகிவிடும், நியாயமாக இருக்காது என்று டேப் பிடித்துத் தூரத்தை அளந்து, அந்த எண்ணுக்கே மூன்றையும் திருகி வைப்பது என்று முடிவு செய்தார். எந்தப் படம் எந்த லென்ஸ் என்று பின்னால் குழம்பாமலிருக்க, பெயரைச் சாக்கட்டியால் சுவரில் எழுதி எழுதி அழித்தாள் அவள். முதலில் வெளிச்சம் நுழைகிற துவாரமான அபெர்ச்சரை முழுக்கத் திறந்து ஒன்று, பிறகு படிப்படியாகச் சுருக்கி மற்றவை.

ஒவ்வொரு லென்ஸை மாட்டியதும் அவர் குனிந்து கேமராவில் கண்ணை வைப்பார். சூள் கொட்டுவார். கண்ணை எடுத்துத் துடைத்துக்கொண்டு மறுபடி வைப்பார். குண்டனை மாட்டிப் பார்த்தபோது வெகுநேரம் கண்ணை எடுக்கவே இல்லை. அவள் குடை பிடித்தபடி நின்றாள். கை மரத்துப்போனது.

"என்ன?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. அழுத்திடறேன்" என்றார்.

அன்று மதியமே பிலிமைக் கழுவினாள். இரண்டு வேக வைத்த முட்டையும் மீதி ரொட்டியும் தின்றுவிட்டு அவர் படுக்கப் போனார். தூங்கவில்லை என்பது அவர் புரண்ட சத்தத்திலேயே தெரிந்தது. பிலிம் காய்ந்து பிரிண்ட் போட மறுநாள் ஆயிற்று. மூன்று லென்ஸுக்கும் நல்ல பிரிண்டாக ஒவ்வொன்று பெரிசாகவும் மற்றவற்றைச் சின்னதாகவும் போட்டு, ஜன்னலோர மேசையில் வரிசையாகப் பரப்பி வைத்தாள்.

நன்றாகத்தான் வந்திருந்தன. குட்டி ஏகத்துக்கு இடம் வாங்கியிருந்தது. ஆனால் நாலு மூலையிலும் செங்கல் இழுபட்டு, வெளிச்சமும் கொஞ்சம் குறைந்திருந்தது. அபெர்ச்சரைச் சுருக்கியதும் மூலைகள் தேறியிருந்தன. குண்டன் முழுக்கத் திறந்தபோது ஒரு மெல்லிய பால் திரை போர்த்தியிருந்தது. சுருக்கிய பிறகு அதைப்போல் துல்லியம் மற்ற இரண்டிலும் இல்லை. பழசு எல்லாவற்றிலும் நடுத்தரம். ஓரத்துக் கோடு லேசாக வெளியே உப்பியிருந்தது. அது எப்போதும் அப்படித்தான். மற்றபடி கருப்பு கருப்பாக, காரை காரையாக, ஒரு குறையும் இல்லை. அவளுக்கு முதலில் அண்ணன் ஞாபகம்தான் வந்தது. கண்ணாடியை யாரும் திருப்பிப் போடவில்லை.

அவர் வந்து உட்கார்ந்து, பூதக்கண்ணாடியை வலது கண்ணுக்குக் கொடுத்துக் குனிந்தார். முதல் படம், இரண்டாவது, மூன்றாவது. மறுபடி முதலிலிருந்து.

"மூணுமே கோளாறு" என்றார்.

"என்னங்க சொல்றீங்க?"

"நடுவுல வளையுது பாரு. மூணுலயும் ஒரே இடத்துல. எல்லாம் ஒரே கையில பிரிச்சது, வேற எப்படி இருக்கும்?"

அவள் அவர் தோளுக்கு மேல் குனிந்து பார்த்தாள். செங்கல் வரிசை நடுவில் நூல் பிடித்த மாதிரி போனது. எந்தக் கோடு என்று கேட்டாள். அவர் பென்சில் முனையால் தொட்டுக் காட்டினார். அவள் அலமாரியிலிருந்து இரும்பு ஸ்கேலை எடுத்துவந்து அந்தக் கோட்டின் மேலேயே வைத்தாள். கோடு ஸ்கேலின் விளிம்போடு ஒட்டிக்கொண்டு போனது. அப்போதுதான் கட்டில் கம்பியும் கதவுப் பிடியும் அவள் மனசில் ஒன்றாக வந்து நின்றன.

"ஸ்கேலும் வளையுதா?" என்று கேட்டாள்.

அவர் பூதக்கண்ணாடியை எடுக்கவில்லை.

"ஆமா" என்றார். "ஸ்கேலும்தான் வளையுது."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எப்போதிலிருந்து என்று கேட்டாள். அவர் பூதக்கண்ணாடியை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னார். மழை ஆரம்பிப்பதற்கு ரொம்ப நாள் முன்னாலேயே சமையலறைக் கதவின் நிலை வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிற்கிற மாதிரி தெரிந்ததாம். இடது கண்ணை மூடினால் மட்டும். இரண்டு கண்ணும் திறந்திருந்தால் ஒன்றும் தெரியாதாம். கேமராவில்தான் ஒற்றைக் கண். அங்கேதான் மாட்டிக்கொள்வார். நடுவில் ஒரு அழுக்கு மாதிரியும் இருக்கிறது, எங்கே ஃபோகஸ் விழுகிறது என்றே பிடிபடவில்லை என்றார்.

"அப்பவே ஏன் சொல்லலை?"

"லென்ஸுன்னா வேற மாத்திக்கலாம்" என்றார் அவர். "லென்ஸாவே இருந்துடணும்னு இருந்துச்சு. மூணுல ஒண்ணாவது நேரா தெரிஞ்சா, அப்புறம் பழசுதான் கோளாறுன்னு நிம்மதியா இருக்கலாம்னு பார்த்தேன்."

"அப்போ எங்க அண்ணன்?"

அவர் மூன்று பெரிய பிரிண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம்கூட முழுசாக வரவில்லை. நாள் முழுக்கச் சுமந்த பாரத்தை இறக்கி வைக்கப் போகும்போது இன்னொன்றைத் தூக்கித் தலையில் வைத்த மாதிரி ஒரு அலுப்புதான் வந்தது. எழுந்துபோய் அடுப்பில் தண்ணீர் வைத்தாள். தட்டுகளைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்தாள்.

மறுநாள் கண் டாக்டரிடம் கூட்டிப்போனாள். டாக்டர் சின்ன வயசுப் பெண். கட்டம் கட்டமாகக் கோடு போட்ட அட்டையை நீட்டி, இடது கண்ணை மூடிக்கொண்டு நடுப்புள்ளியைப் பார்க்கச் சொன்னாள். கோடு வளைகிறதா என்று கேட்டாள்.

"இது எந்த லென்ஸ்ல எடுத்தது?" என்றார் படக்காரர்.

டாக்டருக்குப் புரியவில்லை. இவளுக்குப் புரிந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கண்ணுக்குள் பின்பக்கம், சரியாக நடுவில், ரத்தக்குழாய் கசிந்து வீங்கியிருக்கிறது என்று டாக்டர் படம் வரைந்து விளக்கினாள். கண்ணுக்குள்ளேயே ஊசி போட வேண்டும், அதுவும் தொடர்ந்து போட்டுவர வேண்டும். மேற்கொண்டு கெடாமல் நிறுத்தப் பார்க்கலாம். போனதெல்லாம் திரும்பும் என்று சொல்ல முடியாது. இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம் என்று மெதுவாகத்தான் சொன்னாள். இடது கண் நன்றாக இருக்கிறது, அதை அடிக்கடி சோதித்துக்கொள்ளுங்கள் என்றாள். முதல் ஊசியை அன்றைக்கே போட்டார்கள்.

கண்ணில் கட்டோடு வெளியே வந்தவர் பஸ் நிறுத்தத்தைத் தாண்டி நடந்தார். எங்கே என்று அவள் கேட்கவில்லை. குடையை அவர் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள். பூஞ்சை அண்ணன் கடையில் அன்றும் மேசை காலியாகத்தான் இருந்தது. கட்டைப் பார்த்ததும் அண்ணன் எழுந்துவிட்டார்.

"மச்சான், லென்ஸ் நல்லாத்தான் இருக்கு" என்றார் படக்காரர். "கோளாறு இங்க." கட்டைத் தொட்டுக் காட்டினார்.

அண்ணன் தங்கையின் முகத்தைப் பார்த்தார். ஸ்டூலை இழுத்து மாப்பிள்ளையை உட்கார வைத்தார். எதிர்க்கடையில் டீ சொல்லிவிட்டு வந்தார். கொஞ்ச நேரம் எதையோ தேடுகிறவர்போல அலமாரியைக் குடைந்தார். பிறகு முதுகைக் காட்டியபடியே பேசினார்.

"நீங்க சொல்லிட்டுப் போனதுலேர்ந்து நான் லென்ஸ் வேலை எதுவும் எடுக்கலை மாப்ள. வந்தவங்களையெல்லாம் திருப்பி அனுப்பிட்டேன். நிஜமாவே கை தப்புதோன்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. ஒரு ஸ்க்ரூ போட்டா மூணு தடவை கழட்டிப் பார்க்கிறேன்."

"தப்பு என்னோடது மச்சான்."

"அது இருக்கட்டும். ஊசி வலிச்சுதா?"

"அடுத்தது எப்பன்னு நினைச்சாத்தான் வலிக்குது."

அண்ணன் சிரித்துவிட்டார். சிரித்த வேகத்திலேயே கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஆஸ்பத்திரி வேலை என்ன ஆகும் என்பது பேச்சாயிற்று. மாதம் முடிவதற்குள் இடிக்க ஆரம்பித்துவிடுவார்கள். வேலையைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றார் படக்காரர். அண்ணன் டீயை ஆற்றியபடியே, "பாப்பா எடுக்கட்டுமே" என்றார்.

அவள் வேண்டாம் என்றாள். கழுவுவதும் பிரிண்ட் போடுவதுமே இடுப்பை ஒடிக்கிறது. இதில் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு அறை அறையாக அலைய முடியாது என்றாள். ஆண்கள் இருவரும் அவள் சொன்னதைக் காதில் வாங்காமல் எந்த லென்ஸ் கொடுப்பது என்று சண்டை பிடிக்கத் தொடங்கிவிட்டார்கள். குண்டனைக் கொடுக்கலாம், உள்ளே வெளிச்சமாகத் தெரியும், ஃபோகஸ் செய்யப் புது ஆளுக்குச் சுலபம் என்றார் அண்ணன். குட்டிதான் நல்லது, குறுகலான அறையில் அதுதான் முழுசாக வாங்கும் என்றார் இவர். குட்டியை ஒரு நூல் சாய்த்துப் பிடித்தாலும் சுவரெல்லாம் விழுகிற மாதிரி ஆகும், ஜன்னல் வெளிச்சம் பட்டால் படம் வெளிறும் என்றார் அண்ணன். குண்டனை நாள் முழுக்க யார் சுமப்பது என்றார் இவர். ஊரெல்லாம் தெரிகிற மாதிரி பேசிக்கொள்ளாமல் இருந்த இரண்டு பேர், மூச்சு விடாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் டீயைக் குடித்து முடித்தாள்.

"பழசையே எடுத்துக்கறேன்" என்றாள். "அதோட நெகட்டிவ் எனக்குத் தெரியும். எங்க இருட்டாகும், எங்க வெளுக்கும்னு பார்க்காமலே சொல்லிடுவேன். புதுசா ஒண்ணோட பழக எனக்குத் தெம்பில்ல."

சொன்ன பிறகுதான், ஒத்துக்கொண்டுவிட்டோம் என்பது அவளுக்கே உறைத்தது.

கட்டு அவிழ்த்த அடுத்த நாள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஸ்டாண்டை அவர் தூக்கிக்கொண்டார். காலியான வார்டில் ஈரச் சுண்ணாம்பு வாடை. அவர் கையால் சுவரைத் தடவிப் பார்த்து, நாலு அடி எடுத்து வைத்துப் பார்த்து, இங்கே போடு என்றார். அவள் குனிந்து கண்ணை வைத்தாள். இத்தனை வருஷம் இடங்களைக் காய்ந்த பிலிமில் மட்டும் பார்த்தவளுக்கு, ஒரு அறையே வெளிச்சத்தோடு முழுசாக உள்ளே வந்து உட்கார்ந்திருந்தது. நடுவில் ஃபோகஸ் பார்ப்பதற்கென்று ஒரு சின்ன வட்டம். அதில் ஜன்னல் கம்பி இரண்டாக அறுந்து தெரிந்தது. வளையத்தைத் திருகத் திருக இரண்டு துண்டும் நகர்ந்து வந்து ஒட்டிக்கொண்டன. தடித்த விரலிலும் அந்த வளையத்தின் வழவழப்பு தெரிந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினாள். அடுத்த அறை, அதற்கடுத்த அறை. மத்தியானத்துக்குள் முதுகு விட்டுப்போயிற்று. நடுவில் ஒரு படிக்கட்டில் உட்கார்ந்து கொண்டுவந்த ரொட்டியைத் தின்றார்கள். அவள் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார்.

பிலிமைக் கழுவிப் பிரிண்ட் போட்டதும் அவளேதான். காய்ந்த படங்களை மேசையில் பரப்பினாள். அவர் வந்து உட்கார்ந்தார். பழக்கத்தில் பூதக்கண்ணாடி வலது கண்ணுக்குத்தான் போயிற்று. நின்று, மெதுவாக இடது கண்ணுக்கு மாறியது. அந்தக் கண் அந்த வேலைக்குப் புதுசு. தலையை இப்படியும் அப்படியும் சாய்த்து, தூரத்தைக் கூட்டிக் குறைத்து, தடுமாறித்தான் பார்த்தார். அவள் ஈரக் கையோடு பக்கத்தில் நின்றாள். பரீட்சை எழுதிவிட்டு நிற்கிறமாதிரி இருந்தது. அது அவளுக்கே எரிச்சலாக இருந்தது.

படம் படமாக நகர்த்தியவர் ஒன்றில் நின்றார். நீளமான வார்டு. சுவரில் எழுதியிருந்ததெல்லாம் படிக்க முடிந்தது.

"இது சாய்ஞ்சிருக்கு" என்றார்.

"எது?"

"தரையைப் பாரு. ரூமே இடது பக்கம் வழியுது."

அவள் குனிந்து பார்த்தாள். சாய்ந்துதான் இருந்தது. மறுபடி அத்தனை படி ஏற வேண்டும் என்று நினைத்ததும் முழங்கால் இரண்டும் வலித்தன.

"லென்ஸா இருக்குமோ?" என்று கேட்டாள்.

அவர் பூதக்கண்ணாடியை எடுத்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"லென்ஸ் இல்ல" என்றார். "நீதான்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவரும் சிரித்தார். சிரித்து ஓய்ந்ததும், அப்போ நாளைக்கு மறுபடி போகணுமா என்று கேட்டாள். போகணும் என்றார் அவர். அவள் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, பையில் புது ரோல் இருக்கிறதா என்று பார்க்கப் போனாள்.